பொய்யாகக் கட்டிய வேப்பிலை

2.9.2025, செவ்வாய்

காலையில் மகள் யதுவுக்குத் தலை இழுத்து வாரி இரண்டு பின்னல் பின்னினேன். றிபன் கட்டி முடித்து வழக்கம்போல் கடைசியில் ஒரு இழுப்பு.

"ஆ! ஏனம்மா ஒவ்வொரு நாளும் இழுக்கிறீங்கள்?"

"சொந்த மயிரோ எண்டு பாத்தனான்."

முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பாள். பதினைந்து வயதாகிவிட்டது, பத்தாம் வகுப்பு, இப்போது அம்மாவின் பகிடி பழைய பாண் மாதிரி.

பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புகளுக்கு எண்பத்தாறு சாப்பாடு. வீட்டில் சமைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறேன். கீரையைக் கண்டால் மூக்கைப் பொத்துகிற ஒரு குட்டியனிடம், "இது கீரை இல்லையடா, பச்சை நூடில்ஸ்" என்றேன். நம்பிவிட்டான். இரண்டாம் தரமும் வாங்கினான்.

பின்னேரம் யது ஒரு கடிதம் நீட்டினாள். கஜனி ரீச்சர் கொடுத்ததாம். புற்றுநோய்க்காரருக்குப் பொய்முடி செய்வதற்கு, விரும்பிய பிள்ளைகள் முடி கொடுக்கலாம். தாய் தகப்பன் கையெழுத்து வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அச்சடித்த கடிதம் என்றால் மெல்லத்தான் வாசிப்பேன். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். கழுத்து மட்டத்தில் வெட்டப்படும்.

"எங்கட குடும்பத்தில தலைக்குள்ளதான் ஒண்டுமில்லை. வெளியில எண்டாலும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை அரிசி வாளிக்குக் கீழே வைத்தேன்.

4.9, வியாழன்

இன்றும் கேட்டாள். "வெட்டினால் மாப்பிள்ளை வராது" என்றேன். நாளைக்கும் கேட்பாள். நாளைக்கு எந்தப் பகிடி?

6.9, சனி

குசினி வாசலில் வழிமறித்து நின்றாள்.

"ஒரு காரணம் சொல்லுங்கோ. ஒரே ஒரு காரணம்."

"பேன் எல்லாம் அகதியாப் போயிடும்."

"பாத்தீங்களோ? பள்ளிக்கூடக் கடேற் பாண்ட் வாத்தியக் குழுவில சேரக் கேட்டன், பகிடி சொல்லி மறிச்சீங்கள். சுற்றுலாவுக்குக் கேட்டன், அதுக்கும் பகிடி. நீங்கள் ஏசினால் நான் திருப்பி ஏதும் சொல்லுவன். பகிடிக்கு என்னத்தைத் திருப்பிச் சொல்லுறது?"

பிறகு, இனிமேல் காரணம் சொல்லும்வரை என்னோடு கதைக்க மாட்டேன் என்றாள். சொன்னதைச் செய்கிறாள். சாப்பாட்டுக் கோப்பையைக்கூடத் தகப்பனிடம்தான் நீட்டினாள்.

இவர், என் மனுசன், லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிவிடேன் லெச்சுமி, அவள் பெரிய பிள்ளைதானே" என்றார். மாயாண்டி என்று பெயர் வைத்தவர்கள் வாயையும் பூட்டி வைத்திருக்கலாம். "நீங்கள் உங்கட மிசினுக்கு எண்ணெய் விடுங்கோ. எனக்கு விடவேண்டாம்" என்றேன்.

சொல்லலாம்தான். சொன்னால் பிரேமிளாவையும் சொல்லவேண்டி வரும்.

9.9, செவ்வாய்

வெட்டிவிட்டாள்.

நான் சாப்பாடு கொடுத்து முடித்துப் பதினொரு மணிக்கே வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மண்டபத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆறு பிள்ளைகள். என் கையெழுத்தை யதுவே போட்டிருக்கிறாள். நான் கோணல் மாணலாய்ப் போடுகிற கையெழுத்து, யாருக்கும் வரும்.

இரண்டு மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலிப் படலைக்குள் வந்தாள். வெள்ளைச் சட்டை. கழுத்து. முழுக் கழுத்தும் தெரிகிறது. அவளுடைய முகத்தை நான் பார்க்கவே இல்லை — கழுத்தைத்தான் பார்த்தேன். அந்தக் கழுத்தோடு ஆமிக் காம்ப் சென்றியைத் தாண்டி வந்திருக்கிறாள். காவலுக்கு நிற்கிறவன் பார்த்திருப்பான். எப்படிப் பார்க்காமல் இருப்பான்?

அறைந்தேன். பதினைந்து வருசத்தில் முதல் தரம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினேன். நான்தான் செய்தேன். வேறு யாரோ செய்ததை நின்று பார்த்த மாதிரி இருக்கிறது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இரஞ்சிதம் அக்கா வேலியால் எட்டிப் பார்த்தா.

"என்னடி லெச்சுமி? பிள்ளை ஏன் அழுறாள்?"

"அம்மாள் வந்திருக்கக்கா. கொப்பளிப்பான். கிட்ட வராதேங்கோ."

வாய் தானாகச் சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு வசதியான பொய் என்று விளங்கியது. அம்மாள் வந்த வீட்டுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். அவளும் வெளியே போகத் தேவையில்லை. பின்வளவு வேம்பில் இரண்டு கொப்பு முறித்துப் படலையில் கட்டினேன்.

பள்ளிக்கூடமே பார்த்த தலையை யாரிடமிருந்து ஒளிக்கிறேன்? அந்த றோட்டால் அவள் போகக்கூடாது. அவ்வளவுதான். மயிர் தோளுக்கு வர எத்தனை மாதம்? ஆறு? ஏழு?

அம்மாளே, உன் பெயரில் பொய் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

10.9, புதன்

வீட்டில் அம்மாள் என்றால் நான் சமைத்துக் கொடுக்கவும் முடியாது. இதை யோசிக்கவில்லையே, மோட்டுப் பெட்டை! அதிபருக்கு அறிவித்தேன். எண்பத்தாறு பிள்ளைகளும் இன்று பிஸ்கற் சாப்பிட்டார்களாம்.

11.9, வியாழன்

காலை பத்து மணிக்குப் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா. பின்னால் மிட்வைஃப் மிஸ். சமையல்காரி வீட்டில் கொப்பளிப்பான் என்றால் பார்க்கத்தானே வருவார்கள்.

ஐயா வேப்பிலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். மிஸ் விடவில்லை. "ஒருக்காப் பாக்கவேணும் லெச்சுமி, காய்ச்சல் எப்பிடி, கொப்பளம் எங்கெங்க?" என்று விறாந்தைக்கு ஏறிவிட்டா. வேலை போகும். பொய்க்காரி என்று ஊர் சிரிக்கும். அதுவும் பரவாயில்லை. கதவைத் திறந்தால் அவள் எழும்பி, "எனக்கு ஒண்டுமில்லை மிஸ், அம்மாவுக்குத்தான் விசர்" என்று சொல்லப்போகிறாள். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

திறந்தேன். யது தலையிலிருந்து கால்வரை போர்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மிஸ், கிட்ட வராதேங்கோ" என்றாள் போர்வைக்குள்ளிருந்து. "உங்களுக்கும் சின்னப் பிள்ளை இருக்கெல்லே. தொத்தும்."

மிஸ் நின்றுவிட்டா. பனடோல், இளநீர், நகம் வெட்டு என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனா. பி.எச்.ஐ. ஐயா கடதாசியில் எழுதித் தந்தார்: பதினான்கு நாள் பிள்ளை பாடசாலைக்கு வரக்கூடாது, தாய் சமைக்கக்கூடாது.

திங்கட்கிழமை அவளுக்குத் தவணைச் சோதினை தொடங்குகிறது.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

12.9, வெள்ளி

கதவைத் திறந்துதான் விட்டிருக்கிறேன். அவள்தான் வெளியே வரவில்லை. புட்டும் சம்பலும் வைத்தது வைத்தபடி. இவர் கெஞ்சி ஒரு பிளேன்ரீ குடிக்க வைத்தார்.

மத்தியானம் கதவடியில் நின்று, "சாப்பிடாட்டி அம்மாள் கோவிப்பா" என்றேன். பழக்கதோசம்.

உள்ளேயிருந்து சொன்னாள்: "நான் உங்களுக்காகப் பொய் சொன்னனான். நீங்கள் எனக்காக உண்மையைச் சொல்லுங்கோ."

13.9, சனி

சொல்லிவிட்டேன்.

இவர் உழவுக்குப் போன பிறகு, கதவுக்கு வெளியே நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்துகொண்டேன். அவள் உள்ளே. முகம் தெரியாதபடியால் சொல்லக்கூடியதாக இருந்தது.

எனக்கு இருபத்திரண்டு, பிரேமிளாவுக்கு இருபத்தொன்று. அவள் என் சின்னம்மாவின் மகள். எங்கள் ஆட்கள் எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வன்னியில் காடு வெட்டிக் குடியேறின சனம். இரண்டு குடும்பமும் ஒரே காணியில்தான். 2008 கடைசியில் வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது எங்கள் வீட்டில் நான், அந்த வீட்டில் அவள். ஒரே நாள், ஒரே ட்ரக்டர். போய் இறங்கினதும் முதல் வேலை மயிரை வெட்டுவதுதான். கழுத்துக்கு மேலே. ஓடினாலும் தெரியவேண்டும் என்றுதான்.

ஓடினோம். எல்லாம் நொறுங்கிக்கொண்டிருந்த நேரம், மறிக்க ஆள் இல்லை. தறப்பாள் கொட்டில் கொட்டிலாகத் தேடி அம்மாவைக் கண்டுபிடித்தோம். சின்னம்மா அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னமே செல் குண்டு விழுந்து போய்விட்டா. இனி ஆமிப் பக்கம் போகவேண்டும். கட்டை மயிர் என்றால் இயக்கப் பெட்டை என்று அங்கே தனியாக எடுப்பார்கள் என்று சனம் முழுக்க ஒரே கதை.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே மயிர். சவர அலகால் அடியோடு அறுத்தா. நரைத்த மயிர். சட்டிக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினோம். சாறம் கிழித்த நூலால் என் கட்டை மயிரோடு சேர்த்துப் பின்னிக் கட்டினா.

ஒருத்திக்குத்தான் காணும்.

அம்மா தோட்டத்துப் பேச்சை விடாதவ. "ரெண்டாப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் எலிவாலுதான் வரும். ரெண்டு பேருமே மாட்டிக்குவீங்க புள்ள" என்றா. பிரேமிளா, "அவளுக்கே கட்டுங்க பெரியம்மா" என்று சொல்லித் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சொல்தானே. சொல்லவில்லை.

சோதிக்கிற இடத்தில் என்ன வெயில்! கரி உருகி முதுகால் வழிகிறது. ஒரு ஆமிப் பெட்டை என் உடம்பைத் தடவிக்கொண்டு வந்தவள் பின்னலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கழன்று வரவில்லை. அவளுடைய விரல் முழுக்கக் கரி. விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரலைக் களுசானில் துடைத்துவிட்டுப் போ என்று தலையை ஆட்டினாள். ஏன் விட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குப் பின்னால் பிரேமிளா. துவாயை உருவின சத்தம் கேட்டது. "லெச்சுமி" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். ஒரு தரம்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் நான் யதுவுக்கு எப்படிச் சொன்னேன் தெரியுமா? பகிடியாக. "பின்னால இருந்து பாத்திருந்தால், சட்டி கழுவிப்போட்டு அதிலயே சாய்ஞ்சு படுத்தவள் மாதிரி இருந்திருப்பன்" என்று சொல்லிச் சிரித்தேன். எலிவாலுக்கும் சிரித்தேன்.

பிறகு கேட்டாள்:

"அம்மா, இதில எந்த இடத்தில சிரிக்கிறது?"

தேடிப் பார்த்தேன், உண்மையாகவே தேடிப் பார்த்தேன். ஒரு இடமும் இல்லை.

"அதுதான் ஒவ்வொரு நாளும் என்ர தலையை இழுக்கிறனீங்களோ?"

நானே அப்படி யோசித்ததில்லை. ஓம் என்றேன்.

"பிரேமிளா சித்தி செத்திட்டாவோ?"

"இல்லை. ரெண்டு வருசம் புனர்வாழ்வு முகாமில வைச்சிருந்து விட்டவங்கள். இப்ப பூநகரியில இருக்கிறாள்."

கதவைத் திறந்துகொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள். கண் வீங்கியிருந்தது. நான் செத்திட்டாள் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு திகைத்திருக்க மாட்டாள்.

"பூநகரியிலயோ? பஸ் ஏறினால் போற இடத்திலயோ?"

ஓம். பஸ் ஏறினால் போகிற இடம். நான் போகவில்லை. அம்மா செத்தபோது அவள் செத்தவீட்டுக்கு வந்தாள். எனக்கு என்ன கதைக்கிறது என்று தெரியவில்லை. "என்னடி, மயிர் நல்லா வளந்திட்டுது" என்றேன். பகிடியாகத்தான். அவள் எழும்பிப் போனாள். பன்னிரண்டு வருசம்.

அதையும் யதுவுக்குச் சொன்னேன்.

14.9, ஞாயிறு

வேப்பிலையை அவிழ்த்தேன். இரஞ்சிதம் அக்கா, "அம்மாள் அஞ்சு நாளிலயே போயிட்டாவோ?" என்றா. "வரவே இல்லையக்கா, நான்தான் பொய் சொன்னனான்" என்றேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றா. கையில் தண்ணீர் வாளி.

15.9, திங்கள்

ஏழு மணிக்கே இரண்டு பேரும் அதிபரின் அறைக்குள் போனோம். நான் படித்துவைத்த வசனம் எல்லாம் மறந்துபோயிற்று. "சேர், பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. மயிர் வெட்டினதுக்கு நான்தான் பூட்டி வைச்சனான். சோதினை எழுத விடுங்கோ" என்றேன். அங்கே நின்ற கஜனி ரீச்சருக்கு முகம் கறுத்தது. "கையெழுத்து உங்கட எண்டுதானே நினைச்சன் லெச்சுமியக்கா" என்றா. "அது என்ர இல்லை, ஆனால் பிழை என்ர" என்றேன்.

அதிபர் பி.எச்.ஐ. ஐயாவுக்குப் போன் எடுத்தார். போனுக்குள்ளாலேயே ஐயா ஏசியது அடுத்த வகுப்புக்குக் கேட்டிருக்கும். தொற்றுநோய் எண்டால் விளையாட்டோ? பிறகு பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டித் துண்டு கொண்டுவரச் சொன்னார். இவர் லாண்ட்மாஸ்ரரிலேயே ஏற்றிக்கொண்டு பறந்தார். ஒன்பது மணிக்குத் துண்டோடு வந்து, அரை மணித்தியாலம் பிந்தி உட்கார்ந்து எழுதினாள். எனக்கு ஒரு வாரம் சமையல் இல்லை. நியாயம்தான்.

அவள் எழுதி முடியும்வரை மதிலடியில் நின்றேன். வீட்டுக்கு வரும்போது இருபது முழம் பின்னால் சைக்கிளில் வந்தேன். சென்றியில் நின்றவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் தாண்டும்வரை அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

17.9, புதன்

கணக்குச் சோதினை. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பின்னால் போனேன். யது தெரிந்தும் தெரியாத மாதிரிச் சைக்கிள் உழக்குகிறாள். கதைக்கிறாள்தான், ஆனால் அளந்து கதைக்கிறாள். அறைந்த கன்னத்துக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

18.9, வியாழன்

கேட்டேன். "நொந்தது" என்றாள். அவ்வளவுதான். போதும்.

27.9, சனி

பூநகரிக்குப் போய் வந்தோம். யதுவின் பிடிவாதம். பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். மூன்று தரம் திரும்பிப் போகலாம் என்றேன். "நீங்கள் போங்கோ. நான் சித்தியைப் பாத்திட்டு வாறன்" என்றாள்.

பிரேமிளா முற்றத்தில் குந்தியிருந்து விற்கிறதுக்கு நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மயிர் கட்டை. கழுத்துக்கு மேலே. அன்றைக்கு வெட்டின அதே அளவு.

என்னைப் பார்க்கவில்லை. யதுவைப் பார்த்தாள், அதுவும் கழுத்தை.

"இது ஆர் வெட்டினது? மாடு மேய்ஞ்ச மாதிரிக் கிடக்கு. இரு பிள்ளை."

கையைக் கழுவிக்கொண்டு கத்தரிக்கோலோடு வந்தாள். யது கதிரையில் இருந்தாள். பிரேமிளா பின்னால் நின்று நறுக்கி நறுக்கிச் சரிபார்த்தாள். நான் வேலியடியில் செருப்பும் கழற்றாமல் நின்றேன்.

யதுதான் கேட்டாள்: "சித்தி, நீங்கள் எப்பவும் இப்பிடியோ?"

"ஓம். பெரியம்மாட செத்தவீட்டுக்குப் போயிட்டு வந்து வெட்டினனான். பிறகு வளர்க்கேல்லை."

"றோட்டில மறிச்சு ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லையோ?" — இது நான்.

முதல் தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேப்பாங்கள். நண்டு கிலோ என்ன விலை எண்டு கேப்பாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பன்னிரண்டு வருசத்துக்கும் பகிடி சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் எடுக்கவில்லை. "அண்டைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது" என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது.

"தெரியும்" என்றாள். "உன்ர முதுகு நிண்டிட்டுப் போனதை நான் பாத்தனான்."

பிறகு யதுவின் தோளில் கிடந்த மயிரை ஊதித் தட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்: "கோவம் போகேல்லை லெச்சுமி. வந்தனீ, சோறு போடுறன். செருப்பைக் கழட்டு."

நண்டுக்கறி. உறைப்பு. மூன்று பேரும் மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டோம். உறைப்புக்குத்தான் என்று வைத்துக்கொண்டோம்.

10.10, வெள்ளி

பின்னேரம் யது சொன்னாள்: "அம்மா, திங்கட்கிழமையில இருந்து எனக்குப் பின்னால வராதேங்கோ."

ஏன், என்ர சைக்கிள் உன்ரையை விட வடிவெண்டோ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"பயமாக் கிடக்கு" என்றேன்.

"தெரியும். அதாலதான் சொல்லுறன்."

13.10, திங்கள்

ஏழு மணிக்குப் போனாள். இழுத்துப் பின்ன ஒன்றும் இல்லை, அவளே ஒரு சீப்பால் இரண்டு தரம் வாரிக்கொண்டாள். நான் படலைக்கும் போகவில்லை. அடுப்படியில் நின்றேன். சென்றியடிக்கு எட்டு நிமிடம். பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து. இருபது நிமிடமாகக் கையில் அகப்பையோடு நின்றிருக்கிறேன். எண்பத்தாறு பேருக்கான பருப்பும் அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்து ஒப்பேற்றினேன்.

பரிமாறும்போது கஜனி ரீச்சர் மூக்கைச் சுளித்தா. "என்ன லெச்சுமியக்கா, புகை மணக்குது?"

"மகள் தனிய வந்தவள் ரீச்சர். வந்து சேந்திருப்பாளோ எண்டு நிண்டதில எரிஞ்சு போச்சு."

"உங்கட பகிடிக்கு ஒரு அளவில்லை" என்று விழுந்து விழுந்து சிரித்தா. பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் அடுத்த கோப்பைக்குப் பருப்பு விட்டேன்.

வாளிகளைக் கழுவும்போது மேல் வகுப்புப் பக்கம் பார்த்தேன். இடைவேளை. மலைவேம்புக்குக் கீழே பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள், முதுகு இந்தப் பக்கம். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே கட்டை மயிர்க் கழுத்துகள் ஐந்தாறு. எது என்னுடைய பிள்ளை என்று உடனே தெரியவில்லை.